கணுக்கால் அளவுத் தண்ணீர்

கோடியக்கரைக்குப் போய்வந்தேன் என்றால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "பூநாரை (ஃபிளமிங்கோ) இருந்துச்சா?" இருந்தது என்றால் அடுத்தது, "எத்தனை?" இல்லை என்றால் அத்தோடு பேச்சு முடிந்தது. பெட்ரோல் வீணாய்ப் போச்சே என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். என் சின்ன மாமனார் மட்டும் இதைக் கேட்க மாட்டார். அவருக்கு ஊர் அகத்தியம்பள்ளி. வாழ்நாளில் பாதியை உப்பளத்தில் மேஸ்திரியாகக் கழித்தவர். "அளத்துக்கு அந்தாண்ட தண்ணி எவ்வளவு நிக்கிது மாப்ள?" என்பார். அதைச் சொன்னால் போதும், எந்தப் பறவை எங்கே நின்றிருக்கும் என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி அவருடையதுதான் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்துக் கொஞ்ச காலமாகிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்திலிருந்து நேர்தெற்காக இறங்கிவரும் கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. அந்த முனையிலிருந்து, பாக் நீரிணையை ஒட்டியே மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரைக்கும், 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடக்கிறது வேதாரண்யம் சதுப்பு. காவிரி டெல்டாவின் கடைமடைக்கும் கடைமடை இதுதான். முள்ளியாறு, வளவனாறு, கோரையாறு என்று வயல்களைத் தாண்டி வருகிற வடிகால்கள் எல்லாம் இந்தப் பக்கத்துச் சதுப்பிலும் காயலிலும்தான் வந்து ஓய்கின்றன. மேட்டூரில் திறந்த தண்ணீரில் மிச்சம் மீதி ஏதாவது இருந்தால், அதன் கடைசி முகவரி இதுவாகத்தான் இருக்கும்.

முனையில் இருக்கிற காடு 1967 ஜூன் 13 அன்று சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அப்போது அதன் பரப்பு 17.26 சதுர கிலோமீட்டர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பறவையியலாளர் சாலிம் அலி இங்கே வந்து பார்த்து, இது பாதுகாக்கப்பட வேண்டிய இடம் என்று சொல்லியிருந்தார். 2002 ஆகஸ்டில் காடு, சதுப்பு, முத்துப்பேட்டைக் காயல் எல்லாவற்றையும் சேர்த்து 38,500 ஹெக்டேரை, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். தமிழ்நாட்டுக்குக் கிடைத்த முதல் ராம்சார் தலம் இதுதான். பள்ளிக்கரணையும் பிச்சாவரமும் கரிக்கிலியும் அந்தப் பட்டியலுக்கு வந்து சேர 2022 ஆகிவிட்டது. அதுவரை இருபது வருஷம் நம் மாநிலத்தின் பெயரில் கோடியக்கரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

சதுப்பு என்றதும் வருஷம் முழுக்கத் தளதளவென்று நிற்கும் ஏரியை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மே மாதத்தில் இங்கே வந்தால் கண்ணுக்கெட்டிய வரை வெள்ளையும் சாம்பலுமான வெறும் தரைதான். உப்பு பூத்து, மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எங்காவது தேங்கியிருக்கிற தண்ணீரும் கடலை விடப் பல மடங்கு கரிக்கும். அதில் மீன் இருக்காது, புழு பூச்சியும் பெரிதாக இருக்காது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் கதை மாறுகிறது. மேலிருந்து மழை, மேற்கிலிருந்து வடிகால் வெள்ளம், தெற்கிலிருந்து கடல். மூன்றும் ஒரே நேரத்தில் சதுப்புக்குள் வருகின்றன. உப்பு நீர்த்துப்போகிறது. பாசி பிடிக்கிறது, கொசுவின் ஒன்றுவிட்ட உறவான ஈக்களின் புழுக்கள் சேற்றில் நெளிகின்றன, இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஏறி வருகின்றன. மார்கழி பிறந்து மழை ஓய்ந்த பிறகு தண்ணீர் மெல்ல வடிய ஆரம்பிக்கும். வடிய வடிய ஒவ்வொரு நாளும் புதிதாகக் கொஞ்சம் சேறு வெளியே வரும். பறவைகளுக்கு அதுதான் இலை போட்ட நேரம்.

பாக் நீரிணைப் பக்கம் ஓதம் பெரிதாக ஏறி இறங்குவதில்லை என்பதும் இங்கே முக்கியம். குஜராத் கரையில் கடல் மைல் கணக்கில் உள்வாங்கித் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியும். இங்கே தண்ணீரை நகர்த்துவதில் பெரும் பங்கு காற்றுக்கு. வாடை பலமாக வீசினால் சதுப்பின் ஒரு பக்கத்துத் தண்ணீர் மறுபக்கம் போய் ஒதுங்கிக்கொள்ளும். காலையில் சேறாக இருந்த இடம் மத்தியானம் குளமாகியிருக்கும். காலையில் பார்த்த கூட்டத்தை மாலையில் அதே இடத்தில் தேடி, "பறவையெல்லாம் போயிருச்சு" என்று புலம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவை எங்கும் போயிருக்காது, தண்ணீர் போன இடத்துக்குப் பின்னாலேயே போயிருக்கும்.

ஏன் இவ்வளவு தூரம் தண்ணீரையே பேசுகிறேன் என்றால், இங்கே வருகிற ஒவ்வொரு பறவைக்கும் ஒரு அளவு இருக்கிறது. காலின் நீளம், அலகின் நீளம், இரண்டும் சேர்ந்து அது நிற்க வேண்டிய இடத்தைத் தீர்மானித்துவிடுகின்றன. கொசு உள்ளான் என்கிற சின்னஞ்சிறு கரைப்பறவைக்குத் தண்ணீரே வேண்டாம், ஈரம் மினுமினுக்கும் சேறு போதும். அதன் அலகு சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். சேற்றின் மேல்பரப்பைக் கொத்தித் தின்னும். அதை விட ஒரு விரற்கடை ஆழத்தில் வளைமூக்கு உள்ளான் நிற்கும். பவளக்காலியும் பச்சைக்காலியும் கணுக்கால் அளவில். மூக்கன்கள் தொடை நனைய நின்று நீண்ட அலகைச் சேற்றுக்குள் முழுசாகச் செருகும். அந்த அலகின் நுனியை மட்டும் தனியாகத் திறந்து மூட அவற்றால் முடியும். புழுவைக் கவ்வுவதற்காக முழு வாயையும் சேற்றுக்குள் பிளக்க வேண்டியதில்லை. நெடுங்கால் உள்ளான் அதற்கும் உள்ளே. ஊசிவால் வாத்தும் நாமத்தலை வாத்தும் தட்டைவாயனும் நீலச்சிறகியும் மிதக்கிற சாதி. ஆனால் அவையும் ஆழத்தை விரும்புவதில்லை. தலைகீழாகக் கவிழ்ந்து வாலை மேலே தூக்கிக்கொண்டு, கழுத்து எட்டும் தரையைத் துழாவ வேண்டும். கழுத்துக்கு எட்டாத ஆழம் அவற்றுக்கு எதற்கு? கடைசியில் பூநாரை, இந்தப் பட்டியலிலேயே உயரமானது, முழங்காலுக்கு மேல் தண்ணீரிலும் நடந்து போகும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். சதுப்பில் தண்ணீர் ஒரு சாண் கூடினால் கொசு உள்ளானுக்கு இடமே கிடையாது. ஒரு சாண் குறைந்தால் வாத்துகள் கிளம்பிவிடும். மழை அதிகமான வருஷங்களில் கோடியக்கரையில் பறவை குறைவு என்று செய்தி வரும். படிக்கிறவர்கள் பதறுவார்கள். அந்த வருஷம் பாதிக் கூட்டம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் வயல்களிலும் குளங்களிலும் பரவிக் கிடக்கும். எண்ணிக்கை குறைந்தது உண்மை, பறவை குறைந்ததா என்பது வேறு விஷயம். மழை பொய்த்த வருஷமானால் சதுப்பு தையிலேயே கரிக்க ஆரம்பித்துவிடும். அப்போது குறைவது நிஜமான குறைவு.

நாங்கள் போனது பொங்கல் கழிந்த வாரம். மாமாவும் கூட வந்தார். "நான் பாக்காத உள்ளானா" என்று முதலில் சலித்துக்கொண்டவர், விடிவதற்கு முன்பே மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் பத்துப் பதினோரு கிலோமீட்டர். அகத்தியம்பள்ளி தாண்டியதும் சாலையின் மேற்குப் பக்கம் முழுக்க உப்பளம். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு அள்ளிய இடமும் இதுதான், அதற்கு நினைவுத்தூண் இருக்கிறது. இன்றைக்கும் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளைகிற ஊர் இது. போன பருவத்து உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து, மழைக்குப் பனையோலை போர்த்தி நின்றது. பாத்திகளில் சேறு எடுத்து வரப்புகளைச் செப்பனிடும் வேலை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

"பாத்தீங்களா, எங்களுக்கும் அதுங்களுக்கும் ஒத்தே வராது" என்றார் மாமா, அளத்தையும் அதற்கப்பால் சதுப்பையும் கையால் காட்டி. "மழை வந்தா அதுங்க வரும், நாங்க வீட்ல உக்காந்துருப்போம். வெயில் வந்தா நாங்க எறங்குவோம், அதுங்க கெளம்பிரும். ஒரே எடம், ரெண்டு வெள்ளாமை."

அவர் சொன்னதில் பாதி சரி. உப்பு எடுப்பதும் பறவை வருவதும் வருஷத்தைப் பங்குபோட்டுக்கொண்ட இரண்டு பருவங்களாக இருந்த காலம் ஒன்று இருந்திருக்கும். சின்னச் சின்ன அளங்கள், மழைக்கு முழுகிப்போகிற வரப்புகள். பெரிய அளவில் உப்புத் தொழில் வந்தபோது உயரமான கரைகள் வந்தன, கடல் தண்ணீரை இறைக்கிற பம்புகள் வந்தன, வருஷம் முழுக்கச் செறிவான உப்புநீரைத் தேக்கி வைக்கிற பெரிய தேக்கங்கள் வந்தன. தண்ணீர் தன் இஷ்டத்துக்குப் பரவி, தன் இஷ்டத்துக்கு வடிகிற இடம் அந்த அளவுக்குச் சுருங்கியது. கரைக்கு இந்தப் பக்கம் மழைநீர் வடிய வழியில்லாமல் நிற்கும், அந்தப் பக்கம் அதே மழைநீர் வந்து சேர வழியில்லாமல் காயும். நான் மேலே சொன்ன சாண் கணக்கு முழுக்க அங்கே குலைந்துபோகிறது.

ஆனால் உப்பளம் என்றாலே பறவைக்கு எதிரி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பறவை பார்க்கிறவர்கள் கோடியக்கரையில் தவறாமல் போகிற ஓர் இடம் பம்ப்ஹவுஸ் பக்கம். உப்புக்காகக் கடல் தண்ணீர் ஏற்றுகிற இடமேதான். இன்னும் முற்றாத உப்புநீர்த் தேக்கங்களில் புழுவும் கூனி என்கிற பொடி இறாலும் பெருகுகிறபோது பூநாரையும் நெடுங்கால் உள்ளானும் ஆலாக்களும் அங்கே கூடிவிடும். உப்பு முற்றிய தேக்கத்தில் ஒன்றுமே இருக்காது. எந்தத் தேக்கத்தில் எந்த மாதத்தில் எவ்வளவு உப்பு என்பதுதான் கேள்வி. வனத்துறையும் உப்புத் தொழில் நடத்துகிறவர்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யக்கூடிய விஷயம் இது. எந்த மதகை எப்போது திறப்பது என்று ஒரு ஒப்பந்தம் போட்டால், புதிதாக ஒரு சரணாலயம் அறிவிப்பதை விட அதிகப் பலன் கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம். மாமாவிடம் இதைச் சொன்னேன். "மதகுக்கு யாரு மாப்ள காவல் நிப்பா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

சதுப்பின் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினோம். கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் உள்ளூர்ப் பையன், மாமாவுக்கு ஏதோ வகையில் தெரிந்தவன். "பெரியப்பா, அந்தப் பக்கம் எறங்காதீங்க, புதைக்கும்" என்று எச்சரித்துக்கொண்டே முன்னால் நடந்தான். பைனாகுலரில் முதலில் எனக்குக் கிடைத்தது பூநாரை அல்ல, ஊசிவால் வாத்துகளின் பெருங்கூட்டம். தூரத்தில் ஒரு கரும்பட்டையாகத் தெரிந்தது, குவியம் பிடித்ததும் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. ஆண்களுக்குக் காவித் தலையும் வெள்ளைக் கழுத்தும் ஊசி வாலும் பளிச்சென்று இருந்தன. திடீரென்று கூட்டம் முழுக்க எழுந்து, ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அதே இடத்தில் இறங்கியது. காரணம் ஒரு சேற்றுப் பூனைப்பருந்து, தண்ணீரைத் தொடாத குறையாகத் தாழப் பறந்து போய்க்கொண்டிருந்தது.

பூநாரை அன்றைக்கு வெகு தூரத்தில் ஒரு வரிசையாக, கானலில் நெளிந்துகொண்டு தெரிந்தது. இளஞ்சிவப்பு என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். இங்கே வருகிற பெரும் பூநாரைகள் குஜராத்தின் கட்ச் ரண் பகுதியில் குஞ்சு பொரிப்பவை. அந்த உப்புப் பாலையின் நடுவில் சேற்றைக் குவித்துக் கூடு கட்டும். முழு நிறம் வரச் சில வருஷம் ஆகும் என்பதால் கூட்டத்தில் பாதி சாம்பல் பூத்த இளசுகளாகவும் இருக்கும். நிறமே சாப்பாட்டிலிருந்து வருவதுதான். நாங்கள் போன அன்று சூரியன் ஏற ஏறக் கானல் அதிகமாகி, வரிசை முழுக்கக் கரைந்து காணாமலே போய்விட்டது.

அப்போதுதான் மாமா குனிந்து தரையைக் காட்டினார். "இங்க பாருங்க, ரெண்டு நாளைக்கு முன்னாடி இங்கதான் நின்னுருக்கு." தண்ணீர் வடிந்த சேற்றில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள். கிணற்று உறையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்ப எடுத்த அடையாளம் மாதிரி, நடுவில் மண் மேடாக, சுற்றிலும் பள்ளமாக, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலம். பூநாரை தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழே வரும்படி தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, அதை அச்சாக வைத்துத் தன் காலால் மிதித்தபடியே வட்டமடிக்கும். மிதிக்கிற மிதியில் சேறு கலங்கி, உள்ளே இருக்கிற புழுவும் கூனியும் மேலே வரும். நாக்கைப் பம்பின் தண்டுபோல் முன்னும் பின்னும் இயக்கித் தண்ணீரை அலகோரத்துச் சல்லடை வழியாக வெளியே தள்ளிவிட்டு, மிச்சத்தை விழுங்கும். பள்ளத்துக்குள் சவ்வு விரல்களின் தடம் கூட அழியாமல் இருந்தது. மாமா கையிலிருந்த குச்சியைப் பக்கத்து மேட்டில் ஒட்டியிருந்த பாசிக்கோட்டுக்கு நேராக நிறுத்தி, தண்ணீர் எவ்வளவு நின்றிருக்கும் என்று அளந்து காட்டினார். அவர் முழங்காலுக்கு ஒரு பிடி கீழே. தூரத்துக் கூட்டத்தைப் பார்த்ததை விட இந்தப் பள்ளங்களைப் பார்த்ததில்தான் எனக்கு நிறைவு என்று சொன்னால் பூநாரை கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்றையும் கிட்டத்தில் பார்க்க முடிந்தது. கொசு உள்ளான்கள். நாங்கள் அசையாமல் கரைமேல் உட்கார்ந்துவிட்டதால் அவை கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, நாலைந்து அடி தூரத்துக்கு வந்துவிட்டன. கறுப்புக் கால், கறுப்பு அலகு, முதுகு சாம்பல், வயிறு வெள்ளை. ஓடும், நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். எடை முப்பது கிராமுக்குள், பத்து ரூபாய் நாணயம் நாலு சேர்த்துப் பிடித்தாலும் கனம் கூடுதலாக இருக்கும். சைபீரியாவின் வட கோடியில், மரமே முளைக்காத துந்திர வெளியில், அங்கத்திய கோடையில் பிறந்தது. ஆகஸ்டிலேயே தெற்கே கிளம்பி, மத்திய ஆசியாவைத் தாண்டி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அதில் ஒன்றின் காலில் ஏதோ மின்னியது. ஆய்வாளர்கள் மாட்டிவிடும் அடையாள வளையமா, ஒட்டிய சேற்றில் வெயில் பட்டதா என்று காவலர் தம்பியும் நானும் கடைசி வரை வாதாடினோம்.

வளையம் என்றதும் ஒரு கதை சொல்ல வேண்டும், பலருக்குத் தெரியாதது. 1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழ, மனிதர்களுக்கும் காய்ச்சல் பரவியது. உண்ணி மூலம் பரவுகிற அந்த வைரஸ், ரஷ்யாவில் ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு வைரஸின் நெருங்கிய சொந்தமாக இருந்தது. அப்படியானால் சைபீரியாவிலிருந்து வருகிற பறவைகள்தான் உண்ணியோடு அதைக் கொண்டுவந்தனவா என்று சந்தேகம் எழுந்தது. அதை ஆராய உலக சுகாதார நிறுவனம் பணம் தந்தது, சாலிம் அலியின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளைப் பிடித்துப் பெரிய அளவில் வளையம் மாட்ட ஆரம்பித்தது. பறவைகள் மேல் வைத்த சந்தேகம் நிரூபணமாகவில்லை, வளையம் மாட்டுவது மட்டும் நிலைத்துவிட்டது. பிற்பாடு கோடியக்கரை அந்த வேலைக்கு நாட்டிலேயே முக்கியமான களமாயிற்று. கழகத்தின் ஆய்வு நிலையம் இங்கே இயங்குகிறது. எஸ். பாலச்சந்திரன் போன்ற ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் இந்தச் சேற்றில்தான் வேலை செய்தார்கள்.

பிடிப்பதற்கு வந்தவர்கள் பீகாரின் மீர்ஷிகார்கள். தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடிப்பதே தொழிலாக இருந்த சமூகம். அவர்களில் பெயர் பெற்றவர் அலி ஹுசைன். சுருக்குக் கண்ணியும் வலையும் மூங்கில் குச்சியும் வைத்துக்கொண்டு, ஒரு சிறகு கூட முறியாமல் பறவையைப் பிடித்துக் கொடுப்பாராம். விற்பதற்காகப் பிடிக்கக் கற்ற கை, எடை பார்த்து வளையம் மாட்டித் திரும்பப் பறக்கவிடுவதற்காகப் பிடித்தது. சரணாலயங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் விஞ்ஞானிகளின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தக் கைகள் இல்லாமல் அந்த விஞ்ஞானத்தில் ஒரு வரி கூட எழுதியிருக்க முடியாது.

விற்பதற்காகப் பிடிக்கிற வழக்கம் டெல்டாவில் முழுக்க ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சிறகியும் உள்ளானும் மடையானும் இந்த வட்டாரத்தில் நெடுங்காலம் சாப்பாட்டுப் பறவைகள். மாமாவே மறைக்காமல் சொல்வார்: "அந்தக் காலத்துல கார்த்திகை மாசம்னா வீட்டுக்கு வீடு உள்ளான் வறுவல்தான். மணக்கும்." 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் அது ஓடியது. இப்போது காவலர்கள் கெடுபிடியாக இருக்கிறார்கள். ஆனாலும் வயலோரத்தில் நைலான் கண்ணியோடு யாராவது பிடிபட்டார்கள் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. "இப்ப குடுத்தா சாப்புடுவீங்களா மாமா?" என்று கேட்டதற்கு அவர் கொசு உள்ளான்களையே பார்த்துக்கொண்டு, "இதுல என்னா கறி இருக்கு?" என்றார். அது பதிலா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை.

காட்டுப் பகுதியைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. புல்வெளியில் வெளிமான்கள் இருக்கின்றன, நன்றாகவே தெரியும். யாரோ எப்போதோ விட்டுப்போன குதிரைகள் காட்டுக்குதிரையாகித் திரிகின்றன. பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைக் காடு இந்தக் கரையில் இவ்வளவு பரப்பில் மிஞ்சியிருப்பது அபூர்வம். ராமர் பாதம் என்கிற சின்ன மேடு இருக்கிறது. முனையிலேயே உயரமான இடம் அதுதான் என்றால் மற்றதெல்லாம் எவ்வளவு தாழ்வு என்று புரிந்துகொள்ளுங்கள். வெளிமானைப் பார்க்கிறவர்களுக்கு ஜீப்பில் ஒரு மணி நேரம் போதும்.

அந்தத் தாழ்வுதான் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வினையாயிற்று. கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. கோடியக்காட்டில் மரங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. மான்கள் கடலுக்குள் இழுபட்டு, காரைக்கால் பக்கம் வரை உடல்கள் ஒதுங்கின. பறவைகளும் ஏராளமாகச் செத்தன. உப்பளங்களில் அம்பாரங்கள் கரைந்தோடின, பாத்திகளெல்லாம் சேறு மூடியது. "ஒரு ராத்திரியில வரப்பும் இல்ல, பாத்தியும் இல்ல. எல்லாம் ஒரே வெள்ளக்காடு" என்றார் மாமா. மரங்கள் விழுந்த இடங்களில் சீமைக்கருவேலம் முந்திக்கொண்டு முளைக்கப் பார்ப்பதும், அதை அகற்றுவதும் இன்றுவரை தொடர்கிற வேலை. ஆனால் சதுப்பு மரம் மாதிரி அல்ல. அடுத்தடுத்த மழைகளில் தண்ணீர் திரும்பத் தன் மட்டத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. பறவைகளும் வந்தன.

கடற்கரைக்குப் போனபோது வேறொரு கூட்டம் கண்ணில் பட்டது. அக்டோபரிலிருந்து மார்ச் வரைக்கும் கோடியக்கரையில் மீன்பிடி சீசன். நாகை மாவட்டத்தின் மற்ற ஊர்களிலிருந்தும் வெளி மாவட்டங்களிலிருந்தும் மீனவர்கள் படகோடும் குடும்பத்தோடும் வந்து, கரையில் கொட்டகை போட்டுத் தங்குகிறார்கள். வாவலும் காலாவும் நண்டும் ஏலம் போகிற இடத்தில் சத்தம் காதைப் பிளந்தது. கொட்டகை வாசலில் ஒரு அம்மா வலை பிரித்துக்கொண்டிருந்தார். "எந்த ஊரும்மா?" என்றேன். "கடலூர்ப் பக்கம் தம்பி. ஐப்பசியில வருவோம், பங்குனியில போயிருவோம்." பறவைகளின் கணக்கிலிருந்து மாதம் கூட மாறவில்லை. எல்லோரையும் இங்கே இழுத்து வருவது ஒன்றேதான். மழையும் வெள்ளமும் கடலுக்குள் கொண்டுவந்து கொட்டுகிற சத்து, அதைத் தின்ன வருகிற கூனி, கூனியைத் தின்ன வருகிற மீன். சதுப்புக்குள் வடிகால் தண்ணீர் வருவது நின்றால் ஊசிவால் வாத்துக்கு மட்டும் நஷ்டம் இல்லை, இந்தக் கொட்டகைகளுக்கும் அது நஷ்டம். ஆற்றுத் தண்ணீர் கடலில் வீணாகக் கலக்கிறது என்று மேடைதோறும் பேசுகிறவர்களை ஒரு தை மாதக் காலையில் இங்கே கூட்டிவர வேண்டும்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் அகலப்பாதை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் ரயிலை மட்டும் நம்பி வராமல் பேருந்து நேரத்தையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். தங்க வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது, முன்பதிவு வேண்டும். இல்லாவிட்டால் வேதாரண்யத்தில் விடுதிகள் உண்டு. வாத்துகளுக்கு டிசம்பரும் ஜனவரியும். உள்ளான்களுக்கு என்னைக் கேட்டால் மார்ச் கடைசி. வெயில் வாட்டும்தான், ஆனால் ஊர் திரும்பும் முன் வளைமூக்கு உள்ளான்களுக்குச் சாம்பல் மாறி செங்கல் நிறம் ஏறியிருக்கும். அந்தக் கோலத்தில் அவற்றைக் காண்பது இங்கே சில வாரங்கள்தான். ட்ரோனைக் கொண்டுவராதீர்கள், அனுமதியும் கிடையாது. கூட்டத்தைப் பறக்கவிட்டுப் படம் எடுக்கிற ஆசாமிகளோடு சேராதீர்கள். அவை ஒவ்வொரு முறை எழும்போதும், திரும்பிப் போகிற பயணத்துக்காகச் சேர்த்து வைத்த கொழுப்பில் கொஞ்சம் கரைகிறது. செருப்பு போதும், ஷூ சேற்றில் கனக்கும். உச்சிக்கு முன்பே பார்த்து முடித்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் கானல் ஒன்றையும் பார்க்க விடாது. சாப்பாட்டை நேரத்தோடு சொல்லி வையுங்கள். நாங்கள் கடற்கரையிலிருந்து திரும்பி வந்தபோது கடையில் மீன் குழம்பு தீர்ந்து, ரசம் மட்டும்தான் மிச்சமிருந்தது.